பிரதமரை வீட்டுக்கு அனுப்பிய பென்னலாங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்னலாங் எங்கே இருக்கிறது? ஏன் இதைப் பற்றி இவ்வளவு பேச்சு?

சிட்னியின் வடமேற்குப் புறநகர்த் தொகுதி. ரைட், ஈஸ்ட்வுட், கிளாட்ஸ்வில், மெடோபேங்க், மக்குவாரி பார்க், லேன் கோவ், ஹண்டர்ஸ் ஹில் என்று பரமட்டா ஆற்றின் வடகரையை ஒட்டி விரிந்து கிடக்கிறது. ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் கீழவையில் 150 இடங்கள்; அதில் இது ஒன்று. சுற்றுலாப் பயணி பார்க்க வருமளவுக்கு இங்கே பெரிதாக எதுவும் கிடையாது. ஓடு வேய்ந்த வீடுகள், அடுக்குமாடிகள், ஒரு பல்கலைக்கழகம், ரெண்டு மூன்று பெரிய மால்கள், காலையில் நெரிசல், சாயங்காலம் மறுபடி நெரிசல்.

ஆனால் 2007இல், பதவியில் இருந்த ஒரு பிரதமரை அவருடைய சொந்தத் தொகுதியிலேயே தோற்கடித்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு முதலில் இங்கே வந்துவிடுகிறார்கள். வந்து எழுதுவது பெரும்பாலும் ஒரே கதைதான்: "சீன வாக்காளர்கள் இந்த முறை யார் பக்கம்?" அந்தக் கேள்வியே பாதி தப்பு என்பது என் வாதம். ஏன் என்று கீழே போகப் போகச் சொல்கிறேன்.

பென்னலாங் என்பது ஊர்ப் பெயரா, ஆள் பெயரா?

ஆள் பெயர். வூலரவாரே பென்னலாங், ஆற்றின் தென்கரையைச் சேர்ந்த வாங்கல் குடியினர். ஆங்கிலேயர்கள் சிட்னியில் குடியேறிய மறு வருடம், 1789 நவம்பரில், ஆளுநர் ஆர்தர் பிலிப்பின் உத்தரவின்பேரில் அவரைப் பிடித்துக் கட்டிக்கொண்டு போனார்கள். பூர்வகுடிகளோடு பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடத்தல். தப்பிப் போனார், பிறகு தானாகவே உறவு வைத்துக்கொண்டார். 1792இல் பிலிப்போடு கப்பலேறி இங்கிலாந்து போனார். கூடப் போன இளைஞர் யெம்மரவன்னே அங்கேயே 1794இல் இறந்துபோனார். பென்னலாங் 1795இல் ஊர் திரும்பினார்.

சிட்னி ஒபேரா ஹவுஸ் நிற்கும் முனைக்கும் அவர் பெயர்தான். 1813இல் அவர் இறந்தது கிஸ்ஸிங் பாயின்ட் பக்கம். பியர் காய்ச்சிய ஜேம்ஸ் ஸ்குவயர் என்பவரின் நிலத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த இடம் இன்றைய பட்னி, அதாவது இந்தத் தொகுதிக்குள்ளேயே வருகிறது. கல்லறை இருந்ததாக ஆய்வாளர்கள் கண்டறிந்த இடத்தில் ஒரு குடியிருப்பு வீடு நின்றது. நினைவிடம் அமைப்பதற்காக 2018இல் மாநில அரசு அந்த வீட்டை விலைக்கு வாங்கியது. தொகுதிக்குப் பெயர் கொடுத்தவர் அந்தத் தொகுதியின் மண்ணிலேயே கிடக்கிறார் என்பது அபூர்வம்தான். ஆனால் அவர் வழியில் வந்த பூர்வகுடி மக்கள் 1962இல்தான் கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமையை நாடு முழுக்கப் பெற்றார்கள். தொகுதிக்கு அவர் பெயர் வைத்து அதற்குள் பதின்மூன்று வருடம் ஓடிவிட்டது.

தொகுதி எப்போது உருவானது? முதலில் யார் கையில் இருந்தது?

1949இல். அந்த வருடம் கீழவையை 75 சொச்சம் இடங்களிலிருந்து 120க்கு மேல் பெரிதாக்கினார்கள். அப்போது பிறந்த தொகுதிகளில் ஒன்று இது. ரைட், ஹண்டர்ஸ் ஹில், லேன் கோவ் என்று சிட்னியின் வசதியான வடகரைப் பகுதிகளை வைத்து வரைந்தார்கள். லிபரல் கட்சியின் ஆரம்பகால ஆட்களில் ஒருவரான ஜான் கிராமர் ஜெயித்தார். ராணுவ அமைச்சராகவும் இருந்தார். 25 வருடம் அசையவில்லை.

பெயர் லிபரல் என்று இருப்பதால் குழம்ப வேண்டாம். ஆஸ்திரேலியாவில் லிபரல் கட்சிதான் வலதுசாரிக் கட்சி, எதிரில் தொழிற்கட்சி.

1974இல் கிராமர் விலக, ஜான் ஹாவர்ட் என்ற வழக்கறிஞர் வந்தார். நிதியமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர், 1996இலிருந்து பிரதமர். ஆக, 1949 முதல் 2007 வரை 58 வருடத்தில் இந்தத் தொகுதி பார்த்தது இரண்டே இரண்டு எம்.பி.க்களை, இருவரும் ஒரே கட்சி.

அவ்வளவு பத்திரமான தொகுதி எப்படி ஆட்டம் கண்டது?

இரண்டு காரணம், இரண்டும் மெதுவாக வேலை செய்தவை.

முதலாவது கோடு. ஆஸ்திரேலியாவில் தொகுதி எல்லையை எம்.பி.க்கள் வரைவதில்லை, தேர்தல் ஆணையத்தின் சுயேச்சையான குழு வரைகிறது. சுமார் ஏழு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும். மாநிலத்துக்குள் எல்லாத் தொகுதியிலும் வாக்காளர் எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். வித்தியாசத்துக்குச் சட்டம் விடும் இடைவெளி ரொம்பக் குறைவு. ஒரு பக்கம் கூட்டம் கூடினால் எல்லை நகர்ந்தே ஆகும். அப்படிப் பல தடவை நகர்ந்ததில் பென்னலாங் கிழக்கே இருந்த பணக்காரத் தெருக்களை விட்டுவிட்டு மேற்கே போனது. லேன் கோவும் ஹண்டர்ஸ் ஹில்லும் கழன்றன. எர்மிங்டன் போன்ற, தொழிற்கட்சிக்குப் பழக்கப்பட்ட இடங்கள் ஒட்டிக்கொண்டன. ஹாவர்ட் 1974இல் நின்ற தொகுதியும் 2007இல் நின்ற தொகுதியும் பெயரளவில்தான் ஒன்று.

இரண்டாவது ஆட்கள். ஆங்கிலேய வம்சாவளியினர் வாழ்ந்த ஈஸ்ட்வுட்டுக்கு எண்பதுகளிலிருந்து ஹாங்காங், சீனா, கொரியா, தைவான் குடும்பங்கள் வரத் தொடங்கின. நல்ல பள்ளிகள், ரயில், பக்கத்திலேயே மக்குவாரி பல்கலைக்கழகம். பிள்ளைகள் படிப்பை முன்னிட்டு வீடு தேடுகிறவர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

2007இல் உண்மையில் என்ன நடந்தது?

தொலைக்காட்சியில் நாடறிந்த செய்தியாளர் மாக்ஸின் மக்யூ. தொழிற்கட்சி அவரை இறக்கியது. அவர் எப்பிங்கில் வீடு பார்த்துக் குடியேறினார். சீன, கொரியச் சங்கக் கூட்டம், கோயில் விழா, பள்ளி விழா எதையும் விடவில்லை. அப்போதைய தொழிற்கட்சித் தலைவர் கெவின் ரட் சீன மொழி சரளமாகப் பேசுகிறவர்; அது தனி போனஸ்.

மறுபக்கம் ஹாவர்ட் பிரதமராகி 11 வருடம் தாண்டிவிட்டது. வேலைச் சட்டத் திருத்தங்கள் மீது நாடு முழுக்கக் கோபம். வட்டி ஏறிக்கொண்டிருந்தது. போதாததற்கு, ஜெயித்தால் பாதியில் பதவியை நிதியமைச்சர் பீட்டர் காஸ்டெல்லோவிடம் ஒப்படைப்பேன் என்று அவரே சொல்லிவிட்டார். உள்ளூர் வாக்காளர் காதில் அது எப்படி விழும்? "எனக்கு ஓட்டுப் போடுங்கள், கொஞ்ச நாளில் இடைத்தேர்தலுக்கும் வாருங்கள்" என்றுதான்.

1988இல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது, சமூக ஒற்றுமைக்காக ஆசியக் குடியேற்றத்தின் வேகத்தைக் குறைக்கலாம் என்று ஹாவர்ட் பேசியதும் உண்டு. பின்னாளில் அது தவறு என்ற அளவுக்கு இறங்கி வந்தார். பிரதமரான பிறகு குடியேற்றத்தைப் பெருக்கியதும் அவர்தான். ஆனாலும் அந்தப் பேச்சு நினைவில் தங்கிய வீடுகள் ஈஸ்ட்வுட்டில் இருந்தன.

நவம்பர் 24 இரவு முடிவு தெளிவாகவில்லை. முதல் விருப்ப வாக்குகளில் இருவரும் கிட்டத்தட்ட சமம். கடைசியில் மக்யூ 51.4 சதவீதம். 1929இல் ஃபிளிண்டர்ஸ் தொகுதியில் தோற்ற ஸ்டான்லி புரூஸுக்குப் பிறகு, சொந்தத் தொகுதியைப் பறிகொடுத்த இரண்டாவது பிரதமர் ஹாவர்ட். இன்றுவரை மூன்றாவது ஆள் இல்லை.

சமமாக வாக்கு வாங்கியவர்களில் ஒருவர் எப்படி ஜெயித்தார்?

இங்கே ஓட்டு என்றால் ஒரு முத்திரை குத்திவிட்டு வருவது இல்லை. கீழவைக்கான பச்சைச் சீட்டில் எல்லா வேட்பாளர்களின் பெயருக்கு எதிரிலும் கட்டங்கள் இருக்கும். பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று கடைசிக் கட்டம் வரை பென்சிலால் நிரப்ப வேண்டும். ஒரு கட்டத்தை இரண்டு எண்ணால் நிரப்பினாலோ, எண் குழம்பினாலோ செல்லாத ஓட்டு ஆகிவிடும் வாய்ப்பு அதிகம்.

எண்ணும்போது யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், கடைசியில் நிற்பவரை நீக்கிவிட்டு, அவருடைய சீட்டுகளில் 2 என்று யாருக்குப் போட்டிருக்கிறது என்று பார்த்துப் பிரித்துக் கொடுப்பார்கள். இப்படியே ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே போவார்கள். 2007இல் பென்னலாங்கில் பசுமைக் கட்சிக்கு 1 போட்டவர்களில் ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு ஹாவர்டை விட மக்யூவை மேலே வைத்திருந்தார்கள். கணக்கு முடிந்தது. "யாருக்கு என் முதல் ஓட்டு" என்பதைவிட "யார் யாரை விடப் பரவாயில்லை" என்ற கேள்வி இந்த முறையில் கனமானது. எனக்கு இது பிடித்த முறை. ஓட்டு பிரிந்துவிடுமே என்று பயந்து பிடிக்காதவருக்குப் போட வேண்டிய கட்டாயம் இல்லை.

ஓட்டுப் போடாமல் இருக்கலாமா?

கூடாது. 1924இலிருந்து கட்டாயம். சரியான காரணம் இல்லாவிட்டால் 20 டாலர் அபராதம். தொகை சின்னதுதான், ஆனாலும் பத்துக்கு ஒன்பது பேர் வந்துவிடுகிறார்கள். ஆகவே இங்கே கட்சிக்காரர்கள் "வீட்டை விட்டு வாருங்கள்" என்று கெஞ்சுவதில்லை. வரப்போகிறவர் மனத்தை மாற்றுவதுதான் வேலை.

நிரந்தர வசிப்புரிமை இருந்தால் போதுமா?

போதாது, குடியுரிமை வேண்டும். தொகுதியில் எத்தனை ஆசிய முகங்கள் தெரிகின்றன என்பதையும் எத்தனை ஆசிய ஓட்டுகள் இருக்கின்றன என்பதையும் நிறையப் பேர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். மக்குவாரி பார்க்கில் அடுக்குமாடிகளில் இருக்கும் மாணவர்களும் வேலை விசாக்காரர்களும் மக்கள்தொகைக் கணக்கில் வருவார்கள், வாக்காளர் பட்டியலில் வர மாட்டார்கள்.

அப்படியானால் வாக்காளர்கள் யார்?

2021 கணக்கெடுப்பின்படி நாலில் ஒருவருக்கு மேல் சீன வம்சாவளி என்று சொன்னவர்கள். அடுத்து கொரியர், இந்தியர், இத்தாலியர், ஆர்மீனியர். ரைட் பக்கம் ஆர்மீனியர்கள் கணிசம். மிச்சம் பழைய ஆங்கிலேய, ஐரிஷ் குடும்பங்கள்.

ஈஸ்ட்வுட்டில் ரோ தெருவுக்குப் போனால் ரயில் பாதை ஊரை இரண்டாக வெட்டுவதைப் பார்க்கலாம். மேற்குப் பக்கம் பெரும்பாலும் சீனக் கடைகள்; காய்கறி, உயிர் மீன், நூடுல்ஸ், சீன மருந்து. சுரங்கப் பாதையில் அந்தப் பக்கம் ஏறினால் பெயர்ப்பலகை எல்லாம் கொரிய எழுத்துக்கு மாறிவிடும்; இறைச்சி சுடும் கடைகளும் பேக்கரிகளும். இதே ஈஸ்ட்வுட்டில்தான் 1868 வாக்கில் மரியா ஆன் ஸ்மித் என்ற பெண்மணி தோட்டத்தில் ஒரு பச்சை ஆப்பிள் முளைத்தது. கடைகளில் கிரானி ஸ்மித் என்று வாங்குகிறோமே, அதே ஆப்பிள். வருடா வருடம் அக்டோபரில் அந்தக் கிழவி பெயரில் திருவிழா நடக்கும். அதில் சிங்க நடனமும் உண்டு.

"சீன ஓட்டு" என்று பேசுகிறவர்கள் மறப்பது இதைத்தான்: எண்பதுகளில் வந்த ஹாங்காங் குடும்பம், தொண்ணூறுகளில் வந்த மாணவர், பத்து வருடம் முன் வந்த முதலீட்டாளர், இங்கேயே பிறந்து சீனம் படிக்கத் தெரியாத பிள்ளை. இவர்களை ஒரே மூட்டையாகக் கட்ட முடியாது. ஓட்டு வங்கி என்றால் போட்டதை அப்படியே எடுக்க முடிய வேண்டும். பென்னலாங்கில் அப்படி எடுத்த கட்சி இதுவரை இல்லை.

அதற்கு ஆதாரம்?

தேர்தல் முடிவுகளே. மக்யூ 2010இல் தோற்றார்; ஒரே தவணை. பிரதமராகியிருந்த கெவின் ரட்டை சொந்தக் கட்சியே கவிழ்த்தது இங்கே நன்றாகப் போகவில்லை. ஜெயித்தவர் லிபரல் ஜான் அலெக்ஸாண்டர், பழைய டென்னிஸ் வீரர். 1977இல் டேவிஸ் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். 2016இல் அவருக்கு, மற்றவர்களைக் கழித்து இரு கட்சி மட்டும் மிஞ்சும் கணக்கில், ஏறக்குறைய 60 சதவீதம். ஆசியர் வரவு கூடிக்கொண்டே போன அதே காலத்தில்தான் தொகுதி மறுபடி லிபரல் கோட்டை போல ஆனது.

2017இன் தபால் கருத்துக் கணிப்பைப் பாருங்கள். ஒருபாலினத் திருமணத்துக்கு நாடு 61.6 சதவீதம் ஆம் என்றது. பென்னலாங்கில் "இல்லை" என்பது மயிரிழையில் ஜெயித்தது, 50.2 சதவீதம். சிட்னியின் மேற்குப் புறநகர்களில் பல தொழிற்கட்சித் தொகுதிகளும் இல்லை என்றே சொல்லின. குடும்பம், மதம் என்று வரும்போது ஒரு கோடு. வரி, வீட்டுக்கடன் என்று வரும்போது வேறு கோடு.

2017 இடைத்தேர்தல் எதற்காக வந்தது?

அரசியல் சட்டத்தின் 44ஆம் பிரிவால். வேறு நாட்டுக் குடியுரிமை உள்ளவர் எம்.பி. ஆக முடியாது. அந்த வருடம் பல எம்.பி.க்கள் இதில் வரிசையாக மாட்டினார்கள். அலெக்ஸாண்டரின் அப்பா பிரிட்டனில் பிறந்தவர், அதனால் மகனுக்குத் தானாகவே பிரிட்டிஷ் குடியுரிமை இருக்கலாம் என்று ஆனது. ராஜினாமா செய்து, அதை விட்டொழித்துவிட்டு மறுபடி நின்றார்.

எதிரில் தொழிற்கட்சி நிறுத்தியது மாநிலத்தின் முன்னாள் முதல்வர் கிறிஸ்டினா கெனீலியை. அப்போதைய லிபரல் பிரதமர் டர்ன்புல்லின் அரசுக்குக் கீழவையில் ஒவ்வோர் இடமும் உயிர்நாடி. அதே சமயம் வெளிநாட்டுத் தலையீட்டுக்கு எதிரான சட்டங்கள் வந்தன. டர்ன்புல் சீன மொழியில் ஒரு வரி சொல்லி, ஆஸ்திரேலிய மக்கள் எழுந்து நின்றுவிட்டார்கள் என்றார். சீனர்கள் அதிகம் பயன்படுத்தும் வீசாட் செயலியில் லிபரலுக்கு எதிராக அநாமதேயக் கடிதம் சுற்றியது. இத்தனைக்கும் பிறகு டிசம்பர் 16 அன்று அலெக்ஸாண்டர் சுமார் 55 சதவீதத்தில் ஜெயித்தார். ஐந்து சதவீதம் போல சரிவு. இடைத்தேர்தலில் ஆளும் கட்சிக்கு அது சகஜம்.

2022இல் மட்டும் ஏன் லிபரல் தோற்றது?

அலெக்ஸாண்டர் ஓய்வுபெற்றார். அவருடைய சொந்தச் செல்வாக்கு அவரோடு போனது. ரைட் நகராட்சி மேயராக இருந்த ஜெரோம் லக்ஸாலேவைத் தொழிற்கட்சி நிறுத்தியது. சுமார் ஒரு சதவீத வித்தியாசத்தில் நூலிழை வெற்றி.

இங்கேதான் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சீன வம்சாவளியினரின் கோபம் இந்த முறை கணக்கில் தெரிந்தது. லிபரல் கட்சி தன் தோல்வியை ஆராய வைத்த குழுவே சொன்னது: சீன வம்சாவளியினர் அதிகமுள்ள முதல் 15 தொகுதிகளில் கட்சிக்கு 6.6 சதவீதம் சரிவு, மற்றவற்றில் 3.7. பென்னலாங், ரீட், சிஷம், டாங்னி எல்லாம் கைவிட்டுப் போயின. சீன அரசோடு அப்போதைய ஆட்சி கடுமையாக மோதிய காலம் அது. கொரோனா நேரத்தில் தெருவில் கிடைத்த வசவுகளும் சேர்ந்துகொண்டன. பெய்ஜிங்கைத் திட்டும்போது தங்களையும் சேர்த்துச் சந்தேகிக்கிறார்கள் என்று இங்குள்ளவர்கள் உணர்ந்தால், கட்சி மாறுவது ஆச்சரியமில்லை. அந்த 3.7ஐயும் மறக்க வேண்டாம். எல்லாரும்தான் கோபமாக இருந்தார்கள். இவர்கள் கொஞ்சம் கூட.

2025 தேர்தலுக்கு முன் எல்லை மாறியது என்கிறார்களே?

ஆம், இந்தக் கதையில் எனக்கு மிகவும் ருசியான இடம் இது. நியூ சவுத் வேல்ஸுக்கு ஓர் இடம் குறைந்ததால் 2024இல் பக்கத்து நார்த் சிட்னி தொகுதியையே கலைத்தார்கள். அதிலிருந்து லேன் கோவும் ஹண்டர்ஸ் ஹில்லும் பென்னலாங்குக்குத் திரும்பி வந்தன. மேற்கு ஓரத்துப் பகுதிகள் கழிந்தன. இப்போது பெரும்பாலும் ரைட், ஹண்டர்ஸ் ஹில், லேன் கோவ் என்ற மூன்று நகராட்சிகள். அதாவது கிராமர் காலத்து வரைபடம் கிட்டத்தட்ட மறுபடியும்.

பழைய ஓட்டுகளைப் புதிய எல்லைக்குள் கூட்டிப் பார்த்தபோது தொகுதி 0.04 சதவீதத்தில் லிபரல் பக்கம் சாய்ந்திருந்தது. கையில் எம்.பி. தொழிற்கட்சி, காகிதத்தில் தொகுதி லிபரல். லிபரல் கட்சி ஸ்காட் யுங் என்ற சீன வம்சாவளி இளைஞரை நிறுத்தியது. வேட்பாளரின் முகம் போதும் என்று நினைத்தார்களோ என்னவோ. பிரசாரக் கடைசி நாட்களில் அக்கட்சியின் செனட்டர் ஒருவர், தொழிற்கட்சிக்காகத் துண்டுச்சீட்டு கொடுப்பவர்களில் சீன உளவாளிகள் இருக்கலாம் என்ற தொனியில் டிவியில் பேச, அது வீசாட் முழுக்கப் பறந்தது.

மே 3 அன்று லக்ஸாலே வாங்கியது சுமார் 59 சதவீதம். ஹாவர்டின் பழைய தெருக்களை உள்ளே வைத்துக்கொண்டு, தொழிற்கட்சி இந்தத் தொகுதியில் இதுவரை கண்டிராத வெற்றி. நாடு முழுக்க அலை அடித்தது உண்மை. எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டனே தன் தொகுதியை இழந்தார். ஆனாலும் லேன் கோவில் பல தலைமுறையாக லிபரலுக்குப் போட்ட வீடுகளும் கை மாறியதை "சீன ஓட்டு" என்ற ஒற்றைச் சாவியால் திறக்க முடியாது.

வாக்குச்சாவடி எப்படி இருக்கும்?

பள்ளிக்கூட வேலி முழுக்க வேட்பாளர் முகம் அச்சடித்த பிளாஸ்டிக் அட்டைகள். வாசலில் கட்சிவாரியாக நிறச் சட்டைகள். எப்படி எண் போட வேண்டும் என்ற துண்டுச்சீட்டை நீட்டுவார்கள். சில வாசல்களில் அதுவே ஆங்கிலம், சீனம், கொரியன் என்று மூன்று கட்டாகக் கையில் இருக்கும், ஆளைப் பார்த்து எடுத்து நீட்டுவார்கள். தப்பான கட்டை நீட்டி அசடு வழிவதும் உண்டு. பக்கத்திலேயே பெற்றோர் சங்கம் சாஸேஜ் சுட்டு ரொட்டியில் சுருட்டி விற்கும். ஆனால் இப்போது நிறையப் பேர் தேர்தல் நாளுக்கு முன்பே போட்டுவிடுகிறார்கள், சாஸேஜ் வியாபாரம் முன் மாதிரி இல்லை.

தொகுதியில் தமிழர்கள் உண்டா?

உண்டு, ஆனால் சிட்னித் தமிழர்களின் மையம் இது இல்லை. வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட், டூங்காபி, ஹோம்புஷ் பக்கம்தான் கூட்டம். பென்னலாங்கில் இருப்பவர் நல்ல இட்லி அரிசிக்கு மேற்கே வண்டியை விட வேண்டியதுதான். அங்கே பரமட்டா, கிரீன்வே தொகுதிகளில் இந்திய, இலங்கை வம்சாவளி வாக்காளர்களைப் பற்றி இதே மாதிரி "மொத்தமாக எந்தப் பக்கம்" என்ற பேச்சு எழுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வந்தவரும் கோயம்புத்தூரிலிருந்து போன வருடம் ஐ.டி. வேலைக்கு வந்தவரும் ஒரே மாதிரி யோசிப்பார்கள் என்று நம்பினால் நம்பலாம்.

அடுத்த தேர்தலில் என்ன கவனிக்க வேண்டும்?

வீட்டு விலையையும் மெட்ரோவையும். 2019இல் மக்குவாரி பார்க் வழியாக ஓட்டுநரில்லாத மெட்ரோ ஓடத் தொடங்கியதிலிருந்து நிலையங்களைச் சுற்றி அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வாடகைக்காரர்கள், வயது குறைந்தவர்கள். வீடு வாங்கினால்தான் லிபரல் பக்கம் சாய்வார்கள் என்பது அந்தக் கட்சியின் பழைய கணக்கு. இந்த விலையில் யார் வாங்குவது? ஹண்டர்ஸ் ஹில்லில் ஏற்கெனவே வீடு உள்ளவர்கள் பக்கத்து மனையில் ஆறு மாடி வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள், மக்குவாரி பார்க்கில் இருப்பவர்கள் இன்னும் கட்டச் சொல்வார்கள். எம்.பி. இரண்டு கூட்டத்துக்கும் போய்த் தலையாட்ட வேண்டும்.